ஸ்பெஷல்காரர்

திருவண்ணாமலைக்கு முதன்முறை வருகிறவர்கள் தேரடித் தெருவில் கால் வைத்ததும் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். 11 நிலை, 217 அடி. கழுத்து வலிக்கும் வரை பார்க்கலாம். ஸ்பெஷல்காரர் மட்டும் தலையைத் தூக்க மாட்டார். கம்பித் தடுப்பு எங்கே ஆரம்பிக்கிறது, எந்த வாசலில் காக்கிச் சட்டை நிற்கிறது, எந்தப் பக்கக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது என்று நோட்டம் விட்டுக்கொண்டிருப்பார். கோபுரம் எங்கும் போய்விடாது, கதவைச் சாத்திவிடுவார்களே!

இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயது ஐம்பதுக்கு மேல். சலவை வேட்டி, நெற்றியில் பட்டையாக விபூதி. சட்டைப் பையில் போன். போனைத் திறந்தால் 'கோயில் 1', 'கோயில் 2', 'மாலைக்கட்டு', 'வி.ஐ.பி. கேட்' என்று ஆள் பெயரே இல்லாத எண்கள். அவற்றில் பாதி இப்போது உபயோகத்தில் இல்லை. ஆனால் அழிக்க மாட்டார். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்துபோகிற ஸ்பெஷல்காரர்கள் உண்டு என்றாலும் உள்ளூர்க்காரர்தான் முற்றிய ரகம். வெளியூர்க்காரருக்கு அன்றைக்கு ஒரு நாள் சாமி பார்த்தால் போதும். உள்ளூர்க்காரருக்கு 365 நாளும் தன்னை நாலு பேர் பார்க்க வேண்டும்.

அவருடைய பொழுது ஸ்பெஷல் டீயில் விடியும். டீக்கடையில் எது ஸ்பெஷல் என்பதற்கு எழுதிவைத்த சட்டம் கிடையாது. பால் கொஞ்சம் கெட்டி, டிகாக்‌ஷன் புதிது, விலை இரண்டு மூன்று ரூபாய் கூட. சாதா டீயை மாஸ்டர் ஏதோ யோசனையாகப் போட்டு, பார்க்காமலேயே நீட்டிவிடுவார். ஸ்பெஷல் என்று காதில் விழுந்துவிட்டால் உடம்பே மாறும். டீத்தூள் பையை இன்னொரு தரம் அழுத்தி இறக்குவார். பால் சட்டியில் மிதக்கிற ஏட்டை ஒதுக்காமல் அப்படியே மொண்டு விடுவார். ஒரு கை தலைக்கு மேலே போகும், இன்னொரு கை இடுப்புக்குக் கீழே இறங்கும், இரண்டுக்கும் நடுவே டீ ஒரு முழ நீளத்துக்குத் தொங்கும்.

"மாஸ்டர், நமக்கு?"

"போட்டுக்கினே இருக்கேன் சார்."

"ஸ்பெஷல்."

"உங்களுக்கு என்னைக்கி சார் சாதா குடுத்திருக்கேன்?"

இந்தப் பதிலுக்குத்தான் அந்தக் கூடுதல் ரூபாய், டீக்கு அல்ல. ஆனால் அடுத்து வந்த லாரி டிரைவரும் ஸ்பெஷல் கேட்டு, அவர் பின்னால் வந்த பூக்காரம்மாவும் ஸ்பெஷல் கேட்டு, மூன்று கிளாஸையும் மாஸ்டர் ஒரே வரிசையில் வைத்து ஒரே கையாக ஊற்றினால் இவர் முகம் சுண்டிவிடும். குரலைத் தாழ்த்தி, "நமக்கு கொஞ்சம் ஸ்ட்ராங்கா" என்பார். ஸ்பெஷலுக்குள் ஒரு ஸ்பெஷல்.

இந்த ஒற்றைச் சொல்லை நம் ஆட்கள் வாங்குகிற வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. கல்யாணமாகி ஆறு மாதமான பெண்ணிடம் அத்தைக்காரி "என்னம்மா, ஏதாவது ஸ்பெஷல் உண்டா?" என்றால் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதே கேள்வியை ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் கோழியா ஆடா என்று பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடப் பையனிடம் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிப் பாருங்கள், கண் கலங்கிவிடும். ஆஸ்பத்திரியில் ஸ்பெஷல் வார்டு என்றால் கலங்குவது அவன் அப்பா. 'அவன் ஒரு ஸ்பெஷல் கேஸுப்பா' என்று யாராவது சொன்னால், சொன்னவர் முகத்தைப் பார்க்காமல் அது பாராட்டா வசவா என்று கண்டுபிடிக்க முடியாது. ரேஷன் கடையில் 2007 முதல் துவரம்பருப்பும் பாமாயிலும் தருகிறார்களே, அந்தத் திட்டத்துக்குப் பெயர் சிறப்புப் பொது விநியோகத் திட்டம். பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். சிறப்பும் பொதுவும் ஒரே பெயருக்குள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்துவது அந்த ஒரு கடையில்தான். அந்த வரிசையில் மட்டும் ஸ்பெஷல்காரர் நிற்க மாட்டார். மனைவியை அனுப்புவார். பாமாயில் வீடு வந்து சேர்ந்துவிடும்.

2024-இல் மாநகராட்சி ஆகும் வரைக்கும் திருவண்ணாமலை சிறப்பு நிலை நகராட்சியாக இருந்தது. தரம் உயர்ந்ததென்று ஊரே மகிழ்ந்தபோது இவர் மட்டும் ஒரு வாரம் சுரத்தில்லாமல் திரிந்தார். இருந்த பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார்களே என்று. அடுத்த ஆண்டு நவம்பரில் வாக்காளர் பட்டியலுக்குச் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீடு வீடாகப் படிவம் வந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சொல்லைக் கேட்டு மனுஷன் மிரண்டுபோனார்.

"எனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்றார் படிவம் கொண்டுவந்த அம்மாவிடம்.

"எல்லாருக்கும்தாங்க."

அப்புறம்தான் மூச்சு வந்தது.

சாப்பாட்டில் அவர் ஸ்பெஷல் மீல்ஸ். ஓட்டலில் சாதா சாப்பாட்டுக்கு இல்லாத ஒரு பூரி, ஒரு இனிப்பு, ஒரு வறுவல் அதில் உண்டு. சாம்பார் மட்டும் இரண்டு தரப்புக்கும் ஒரே வாளியில்தான் வரும். அதை அவர் கண்டுகொள்ள மாட்டார். அரிசி மூட்டை வாங்குவது ஆரணி அரிசிதான் என்றாலும் கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துத் தர வேண்டும். வாசலில் அடுக்கியிருப்பதும் உள்ளே அடுக்கியிருப்பதும் ஒரே லாரியில் வந்து இறங்கியவை என்பது கடைக்காரருக்குத் தெரியும்.

அவர் ஒதுங்கிப் போகிற ஒரே ஸ்பெஷல், பௌர்ணமிக்கு விடுகிற ஸ்பெஷல் பஸ். கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாக வரிசையாக வரும். பெயர்தான் சிறப்புப் பேருந்து. எந்த ஊரிலோ டவுன் பஸ்ஸாக ஓடிக்கொண்டிருந்ததைப் பிடித்து, முன்கண்ணாடியில் ஒரு காகிதத்தை ஒட்டி அனுப்பிவைத்திருப்பார்கள். ஸீட் நிமிர்ந்து நிற்கும்; நாம்தான் சாய்ந்துகொள்ள வேண்டும். மச்சான் ஒரு முறை அதில் வந்து இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மாமா, ஸ்பெஷல்னு நம்பி ஏறினேன்" என்றபோது, இவருக்கு வந்த கோபம் பஸ்ஸின் மேல் அல்ல, அந்தச் சொல்லை இப்படி மலிவாக்கியவர்கள் மேல்.

கோயிலுக்கு வருவோம். பொது வரிசை ஒன்று. 50 ரூபாய்க் கட்டண வரிசை ஒன்று. இரண்டும் கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சில இடங்களில் ஒட்டியே போகும். ஸ்பெஷல்காரருடைய தரிசனம் மூலஸ்தானத்தில் தொடங்குவதில்லை. அந்தக் கம்பியருகில் தொடங்குகிறது. அந்தப் பக்கத்து வரிசையில் தெரிந்த முகம் ஒன்று தென்பட வேண்டும். "அடடே, நீங்க அதுல வர்றீங்களா?" என்று கேட்க வேண்டும். அவர் அசடு வழிய வேண்டும். காசு கொடுத்த பலன் அங்கேயே கிடைத்தாயிற்று.

விடுமுறை நாளில்தான் விபரீதம். எல்லோரும் ஸ்பெஷலாகிவிட, 50 ரூபாய் வரிசை பொது வரிசையைவிட நீண்டுவிடும். அப்போதும் அவர் வரிசை மாற மாட்டார். ஒரு தை மாதம் அவரும் மனைவியும் சேர்ந்து வந்தார்கள். அந்தம்மா "எனக்கு வேணாங்க" என்று பொது வரிசையில் புகுந்துவிட்டார். ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து வியர்வையில் நனைந்த வேட்டியோடு இவர் வெளியே வந்தால், அந்தம்மா கிளி கோபுரத்தருகே தூணில் சாய்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

"எவ்ளோ நேரமா உக்காந்துக்கினு இருக்கே?"

"நான் ரெண்டு சுத்து சுத்திட்டே வந்துட்டேங்க. உங்களை இப்பதான் வுட்டாங்களா?"

"நீ பாத்தது சாதா தரிசனம்."

"சாமியுமாங்க சாதா?"

இவர் பதில் சொல்லாமல் புளியோதரையில் கை வைத்தார்.

அந்தம்மாள் பக்கம் சாட்சி சொல்ல இந்த ஊரில் ஒரு தெருவே இருக்கிறது. திருவூடல் தெரு. பிருங்கி முனிவர் கதை தெரிந்ததுதான். அம்மனை வணங்க மாட்டேன், சிவனை மட்டும்தான் வணங்குவேன் என்று அடம்பிடித்தவர். சாமியிலேயே பாதியைத் தனியே பிரித்துக் கேட்ட அவரைவிடப் பெரிய ஸ்பெஷல்காரர் யார்? அவருக்குத் தனியாகக் காட்சி கொடுக்க அண்ணாமலையார் கிளம்பப் போய்த்தான் உண்ணாமுலையம்மன் கோபித்துக்கொண்டார். தை 2-ஆம் தேதி, மாட்டுப் பொங்கலன்று, அந்தத் தெருவில் சுவாமியையும் அம்மனையும் எதிரெதிரே நிறுத்தி முன்னும் பின்னும் ஆட்டி ஊடலை நடத்திக்காட்டுவார்கள். அம்மன் விறுவிறுவென்று கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வார். சுவாமி அன்றிரவு வெளியே தங்கி, மறுநாள் மலையைச் சுற்றிவந்த பிறகுதான் சமாதானம். ஒரு ஆளுக்குத் தனி தரிசனம் கொடுக்கப்போனால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை ஊர் ஆண்டுதோறும் நாடகமாகப் போட்டுக்காட்டுகிறது. முன்வரிசையில் நின்று அதைப் பார்க்க இவர் அதற்கும் ஒரு பாஸ் தேடிக்கொண்டிருப்பார்.

செங்கம் சாலையில் இருக்கிற ரமணாசிரமத்துக்கு அவர் அதிகம் போவதில்லை. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக இந்த ஊரில் வந்து இறங்கி, 1950-இல் கண்மூடும் வரை வேறெங்கும் போகாத ரமணருக்குப் பந்தியில் ஒரே பிடிவாதம்: எல்லோருக்கும் விழுவதுதான் தன் இலையிலும் விழ வேண்டும். தனக்கென்று ஒரு கரண்டி கூட விழுந்தாலும் பரிமாறினவருக்குக் கிடைப்பது கண்டிப்பு. இன்றைக்கும் அங்கே தரையில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே வாளியிலிருந்து வருவதைச் சாப்பிட வேண்டும். ஸ்பெஷல்காரர் ஒரே ஒரு முறை போய் உட்கார்ந்து பார்த்தார். "சாமியே வேணாம்னுட்டார். அப்புறம் நாம எப்படி வாயத் தொறந்து கேக்கறது?" என்று பிற்பாடு டீக்கடையில் வருத்தப்பட்டார்.

கிரிவலமும் அவருக்குச் சங்கடம்தான். 14 கிலோமீட்டர், இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு. டிக்கெட் கிடையாது, குறுக்கு வழி கிடையாது, நீதிபதிக்கும் நிலக்கடலை விற்பவருக்கும் ஒரே தார் ரோடு, ஒரே கால். பௌர்ணமியன்று காரும் விட மாட்டார்கள். அங்கும் மனிதர் சும்மா இருப்பாரா? எமலிங்கம் தாண்டி யாரோ புண்ணியவான் அன்னதானம் போடுகிறார். தொன்னையில் சாம்பார் சாதம். கை நீட்டி வாங்கிக்கொண்டு, அண்டாவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து இவர் கேட்டதை நானே கேட்டேன்: "தம்பி, ஸ்பெஷலா வேற எதுனா இருக்கா?"

"இருக்குங்க ஐயா. ஊறுகா."

ஆனாலும் அவருடைய ஆண்டுக் கணக்கே கார்த்திகை தீபத்தில்தான் முடியும். மலையுச்சியில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றுகிற அந்தச் சில நிமிடங்கள்தான் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டு வெளியே வந்து திரும்புவார். அதைக் கொடிமரத்துப் பக்கம் நின்று பார்க்க எத்தனையோ வண்ணத்தில் பாஸ். புரட்டாசி பிறக்கும்போதே இவர் போனை எடுத்துவிடுவார். 'கோயில் 1' எடுக்காது. 'வி.ஐ.பி. கேட்' மாற்றலாகி நாமக்கல் போயிருக்கும். கடைசியில் யாருக்கோ யாரோ எழுதிய ஒரு சிபாரிசுக் கடிதத்தின் ஜெராக்ஸ் கிடைக்கும்.

ஒரு தீபத்தன்று அந்த ஜெராக்ஸோடு அம்மணி அம்மன் கோபுர வாசலுக்கு வந்தார். ஓர் அம்மாள் ஊரெல்லாம் கையேந்திக் கட்டிமுடித்த 171 அடிக் கோபுரம் அது. அதன் கீழே நின்று சிபாரிசைக் காட்டுவதில் அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. வாசலில் சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர். தோளில் நட்சத்திரம், மீசையில் நரை, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார். காகிதத்தை வாங்கி, தலைகீழாக இருந்ததைத் திருப்பி, முழுக்கப் படித்தார்.

"இது போன வருஷத்துது சார்."

"தேதியை வுடுங்க. நமக்குக் கொஞ்சம் ஸ்பெஷலா பாத்துப் பண்ணுங்க. நீங்களே ஸ்பெஷல் எஸ்.ஐ.தானே?"

அவர் ஜெராக்ஸை நாலாக மடித்து இவர் சட்டைப் பையிலேயே வைத்தார். "இருபத்தஞ்சு வருஷம் இந்த மாதிரி வெயில்லயும் மழையிலயும் நின்னதுக்குத்தான் சார் எனக்கு அந்த ஸ்பெஷலைக் குடுத்தாங்க. நீங்க ஒரு ரெண்டு மணி நேரம் நின்னு பாருங்களேன்."