வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கு முழுச் சம்பளம்

அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்தால் குற்றம். 1981 ஆகஸ்டில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள் அந்தக் குற்றத்தைச் செய்தார்கள். ஜனாதிபதி ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார். திரும்பாத 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பினார்.

அதே நாட்டில் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள், இன்னொரு வேலைநிறுத்தம் நடந்தது. நடத்தியவர்கள் மக்கள் பிரதிநிதிகள். பட்ஜெட்டை நிறைவேற்றுவது அவர்கள் வேலை, செய்யவில்லை. செப்டம்பர் 19-ல் ஓட்டுப் போட்டுவிட்டுப் போன கீழ்ச்சபை, அடுத்த ஓட்டுக்கு நவம்பர் 12-ல்தான் வந்தது. யாருக்கும் சீட்டு கிழியவில்லை. வருஷத்துக்கு 1,74,000 டாலர் சம்பளம், அரசியல் சாசனப் பாதுகாப்போடு, தேதி தவறாமல். "எனக்கு இப்போது வேண்டாம், அப்புறம் கொடுங்கள்" என்று சிலர் தியாகம் செய்ததையும் சொல்லிவிட வேண்டும்.

இதற்குப் பெயர் ஷட்டவுன். 1980 வரை இப்படியொரு கூத்து கிடையாது. பட்ஜெட் தாமதமானாலும், பணம் வராமலா போகும் என்று இலாகாக்கள் பாட்டுக்கு வேலை பார்த்தன. அந்த வருஷம் அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி, 19ஆம் நூற்றாண்டுச் சட்டம் ஒன்றைத் தூசி தட்டி, ஒதுக்கீடு இல்லையேல் கதவைச் சாத்து என்றார். உயிரையும் சொத்தையும் காக்கும் பணிகள் மட்டும் விதிவிலக்கு. விதிவிலக்கு என்றால் சம்பளம் உண்டு என்று நினைத்துவிடாதீர்கள், வேலை உண்டு. வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் ஆர்வக்கோளாறில் ஆபீஸ் மெயிலைத் திறந்தால் விதிமீறல், சம்பளமில்லாமல் வேலை செய்யக்கூடாதாம்! விதிவிலக்கில் சிக்கிய பக்கத்து மேஜைக்காரர் சம்பளமில்லாமல் வேலைக்கு வராவிட்டால் ஒழுங்கு நடவடிக்கை.

இந்த அரசின் கருணையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் 2018 டிசம்பருக்குப் போக வேண்டும். மெக்சிகோ எல்லையில் சுவர் கட்டப் பணம் கேட்டு ஜனாதிபதி டிரம்ப் 35 நாள் அரசை முடக்கிய காலம். சுமார் 8 லட்சம் பேருக்குச் சம்பளம் இல்லை. ஊழியர் நலனைக் கவனிக்கும் அலுவலகம் ஊழியர்களுக்கு மாதிரிக் கடிதங்கள் வெளியிட்டது. ஒன்று வீட்டுக்காரருக்கு: வாடகையைக் குறைத்துக்கொண்டால், பதிலுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன், தச்சு வேலை செய்கிறேன். வரி அதிகாரியும் வானிலை விஞ்ஞானியும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி! ஊர் சிரித்ததும், அது 2013 ஷட்டவுனில் எழுதிய பழைய கடிதம், தவறிப்போய் வந்துவிட்டது என்றார்கள். பஞ்சப்பாட்டுக்கும் ஃபைல் போட்டு வைத்திருக்கிறது வல்லரசு.

கடலோரக் காவல் படைக்காரர்களுக்கோ, வீட்டுப் பழைய சாமான்களை விற்கலாம், அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம், நாயை நடத்திக்கொண்டு போகலாம் என்று அறிவுரை. அப்போதைய வர்த்தக அமைச்சர் வில்பர் ராஸ், சம்பளம் வராத ஊழியர்கள் ஏன் இலவச உணவு மையத்துக்குப் போகிறார்கள், கடன் வாங்கலாமே என்று வியந்தார். கோடீஸ்வரர், பாவம், அவருக்கு எப்படித் தெரியும்?

2025-ல் மெருகு கூடியிருந்தது. 4.2 கோடி ஏழைகளின் உணவு உதவி நவம்பர் 1 அன்று நின்றது. அதற்கு முந்தின ராத்திரி ஜனாதிபதி டிரம்ப் தன் புளோரிடா மாளிகையில் 'கிரேட் கேட்ஸ்பி' பாணியில் விருந்து வைத்தார். அதே அக்டோபரில் வெள்ளை மாளிகையின் கிழக்குப் பகுதியை இடித்துக்கொண்டிருந்தார்கள், நடன மண்டபம் கட்ட. அதற்கு நன்கொடை கொட்டியது. எதிர்க்கட்சியினர் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? மருத்துவக் காப்பீட்டு மானியத்துக்காக 40 நாள் வீரம் பேசிவிட்டு, வாக்கெடுப்பு நடத்துகிறோம் என்ற வாய்ச்சொல்லை வாங்கிக்கொண்டு சிலர் சரணடைந்தார்கள்.

பசித்த ஊழியனின் குரல் கேட்காத காதுக்கு, விமானம் தாமதமானால் மட்டும் கேட்கிறது. 2019 ஜனவரி 25-ல் ஆளில்லாமல் நியூயார்க் லகார்டியாவில் விமானங்களை நிறுத்திவைத்தார்கள். அன்றைக்கே ஷட்டவுன் முடிந்தது. 2025-லும் 40 விமான நிலையங்களில் விமானங்களைக் குறைத்த சில நாட்களில் சமரசம் பிறந்துவிட்டது. 43 நாளும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத விமானக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் 776 பேருக்குத் தலா 10,000 டாலர் பரிசு. குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் வராதவருக்கு நாமம்.

ஊழியர்களுக்குப் பாக்கிச் சம்பளம் தர 2019-ல் சட்டம் வந்தது. அரசுக் கட்டடங்களைக் கூட்டிப் பெருக்கும், வாசலில் காவல் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு 43 நாள் கூலி போனது போனதுதான்.