கடனடைத்த நாயனார்

அறுபத்து மூவரில், சூதாடி ஜெயித்த பணத்தில் அடியார்களுக்கு அன்னமிட்ட மூர்க்க நாயனாருக்கு இடம் இருக்கிறது. வீட்டுக் கடனை முழுசாக அடைத்த ஒருவருக்கு இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத் தாம்பரத்துக்குத் தெற்கே ஒவ்வொரு நகரிலும் எக்ஸ்டென்ஷனிலும் ஒருவர் அவதரித்திருக்கிறார். உங்கள் தெருவிலும் இருப்பார். மாதம் ஐந்தாம் தேதி காலை, தவணைப் பணம் கழிந்த குறுஞ்செய்தியைப் பார்த்துத் தெருவே முகம் சுருங்கும் வேளையில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் அருகே நின்று பல் குத்திக்கொண்டிருப்பவர் அவர்தான். "என்ன சார், உங்களுக்குப் போயிடுச்சா?" என்று எதிர்வீட்டுக்காரரை விசாரிப்பார். குரலில் அத்தனை பரிவு இருக்கும்.

அந்தப் பரிவு சும்மா வரவில்லை. அவர் வாங்கியது 20 லட்சம், 9 சதவீத வட்டி, 20 வருடத் தவணை. மாதம் ஏறக்குறைய 18,000 ரூபாய். முதல் தவணையில் 15,000 வட்டிக்கே போய்விட்டது, அசலில் கழிந்தது மூவாயிரத்துக்கும் குறைவு என்று ஸ்டேட்மென்டில் பார்த்த அன்று மனிதர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். "இதுல மாடிப்படி முதல் படிதான் நம்மோடது. மத்ததெல்லாம் பேங்க்" என்று மனைவியிடம் சொன்னார். அன்றிலிருந்து வெறி.

போனஸ், அரியர்ஸ், முதிர்ந்த எல்.ஐ.சி. எல்லாம் அசலுக்கே போயின. மிதக்கும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012இல் சொல்லிவிட்டதை வங்கி ஊழியரைவிட அவர் நன்றாக அறிவார். வங்கியோடு நிற்கவில்லை. கும்பகோணம் பக்கம் திருச்சேறையில் இருக்கும் கடன் நிவர்த்தீஸ்வரருக்கு 11 திங்கட்கிழமை அர்ச்சனை செய்தார். அசலில் துளி திருப்பிக் கொடுத்தாலும் கடன் மளமளவென்று தீரும் என்று சொல்லப்படும் மைத்ர முகூர்த்தத்தைப் பஞ்சாங்கத்தில் சிவப்பு மையால் வட்டமிட்டார். அது விடிகாலை நாலரைக்கு வந்தால் அலாரம் வைத்து எழுந்து, ஐநூறு ரூபாயாவது அனுப்பப் பார்ப்பார். வங்கியின் சர்வர் அப்போது 'பராமரிப்பில்' இருக்கும். குளிகையையும் விடவில்லை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பது நம்பிக்கையாதலால் அந்த நேரத்தில் கடனைக் கட்டலாம், வாங்கக் கூடாது. இதை அவர் வீட்டில் எல்லோருக்கும் பாடமாகவே நடத்தியிருந்தார். பின்னால் அது அவருக்கே வினையாக வரும் என்று அப்போது தெரியாது.

கடன் 14 வருடத்தில் முடிந்தது. வனவாசமும் 14 வருடம்தான் என்பதை அவர் சொல்லாத விசேஷ வீடு கிடையாது.

பத்திரம் திரும்பி வந்த கதை தனி. கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்டஈடு என்ற விதி 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இவர் அந்த விதியை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டு நாள் எண்ணினார். இருபத்தைந்தாம் நாள் தாண்டியதும் முகத்தில் ஒரு களை. முப்பத்தொன்றாம் நாளுக்கு 5,000, ஒரு வாரம் இழுத்தால் 35,000 என்று தூக்கத்தில்கூடக் கணக்கு ஓடியது. இருபத்தொன்பதாம் நாள் வங்கியிலிருந்து போன் வந்தது. பத்திரம் தயார், வந்து வாங்கிக்கொள்ளலாம். "இந்தக் காலத்துல யாருக்குமே பொறுப்பில்ல, நேரத்துக்கு முன்னாடியே முடிச்சிடறாங்க" என்று அலுத்துக்கொண்டே போய்க் கையெழுத்துப் போட்டார். நிலுவையில்லாச் சான்றிதழ் இப்போது லேமினேட் ஆகி, பூஜையறையில் முருகனுக்கும் பெருமாளுக்கும் நடுவே இருக்கிறது. வெள்ளிக்கிழமை அதற்கும் ஒரு பொட்டு. வில்லங்கச் சான்றை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம் என்பதால் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்வார். அடமானம் ரத்தான வரி அங்கேதான் இருக்கிறது. இருந்தாலும் பார்ப்பார்.

இனிமேலாவது கொஞ்சம் தாராளமாக இருப்பார் என்று வீட்டார் எதிர்பார்த்ததில் தவறில்லை. அடுத்த மாதமே தபால் நிலையத்தில் ஐந்து வருடத் தொடர் வைப்பு ஒன்றைத் தொடங்கினார். தொகை அதே 18,000, தேதி அதே ஐந்து. தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம் உண்டு என்று கவுன்ட்டரில் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நாலாம் தேதி இரவு பழையபடி புரண்டு புரண்டு படுப்பார். "நாளைக்கு டியூ" என்பார். யாருக்கு டியூ என்று மகன் கேட்டால், "நமக்குத்தான். அதனாலதான் கரெக்டா கட்டணும்" என்பார்.

இவரைக் கஞ்சன் என்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. கஞ்சனுக்கு ஆசை இருக்காது, இவருக்கு நிறைய இருக்கிறது. ஆசைப்பட்டதையெல்லாம் ஆன்லைன் கடையில் தேடிப் பிடித்துக் கூடையில் போட்டுவிடுவார். வாங்க மாட்டார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'ஆறப்போடுதல்'. ஒரு நாள் ஆறினால் பாதி ஆசை போய்விடும், ஒரு மாதம் ஆறினால் பொருளே மாடல் மாறிப்போய்விடும் என்பது சித்தாந்தம். இப்போதைக்கு அந்தக் கூடையில் ஒரு டிராலி பெட்டி, இட்லி மாவு அரைக்கும் டேபிள் டாப் கிரைண்டர், காது கேட்கும் கருவி அளவிலான ப்ளூடூத் சமாச்சாரம், டெலஸ்கோப் ஒன்று எல்லாம் சேர்ந்து ஐம்பதாயிரத்தைத் தாண்டி ஆறிக்கொண்டிருக்கின்றன. "உங்கள் கூடை உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று கம்பெனி கெஞ்சிக் கெஞ்சிச் செய்தி அனுப்பும். விலையைக் குறைக்கும். "பாத்தியா, இன்னிக்கு மட்டும் எனக்கு ரெண்டாயிரம் லாபம்" என்று வாங்காத டெலஸ்கோப்பில் சம்பாதித்ததைக் காட்டுவார். விருந்தாளிகளுக்கு அந்தக் கூடையைத் திறந்து காட்டுவதும் உண்டு.

பத்து நிமிடத்தில் கொத்தமல்லி கொண்டுவரும் ஆப் மட்டும் அவருக்கு ஆகாது. அதில் நியாயமும் இருக்கிறது. 25 ரூபாய் டெலிவரிக் கட்டணத்தை மிச்சம் பிடிக்க, மகன் 150 ரூபாய்க்குச் சிப்ஸும் சாக்லேட்டும் சேர்த்து வாங்குகிறான். மிச்சம் பிடித்த 25 ரூபாயைத் தனியாக எடுத்துக் காட்டு என்று அப்பா கேட்டார். பையனால் காட்ட முடியவில்லை. மின்சாரக் கணக்கிலும் அவர் புலி. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்தே விலை ஏறும். அதனால் மீட்டர் 480ஐத் தொட்டதும் வீட்டில் அவசரநிலை. ஏ.சி. ரிமோட் அவர் தலையணைக்கடியில் போய்விடும்.

ஆனால் மனிதருக்கு ஒரு பலவீனம் உண்டு. செலவைக் குறைக்கும் பொருள் என்று ஏதாவது கண்ணில் பட்டால் மயங்கிவிடுவார். அதை மட்டும் ஆறப்போடத் தெரியாது. சாதாரண மின்விசிறி 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. 30 வாட்டில் ஓடிவிடும் என்று கேள்விப்பட்ட வாரமே நன்றாகச் சுற்றிக்கொண்டிருந்த ஐந்து விசிறிகளையும் கழற்றிவிட்டு மூவாயிரம் மூவாயிரமாகப் புதிது மாட்டினார். போட்ட காசு திரும்பி வரவேண்டும் என்பதற்காக இப்போது யாரும் இல்லாத அறையில்கூட விசிறி ஓடுகிறது. குழாய்க்குத் தண்ணீர் மிச்சப்படுத்தும் வலை, கேஸ் மிச்சப்படுத்தும் தட்டு, செலவு எழுத நாலு வகை நோட்டு, அதற்கு மேல் செலவுக் கணக்கு ஆப் ஒன்று, அதற்கு வருடச் சந்தா. அந்தச் சந்தாவை ஆப்பில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் இன்னும் திணறுகிறார்.

கடன் முடித்தவரைத் தேடித்தான் கடன் வரும். தினமும் ஒரு பெண் குரல் கூப்பிடும்.

"சார், உங்களுக்கு எட்டு லட்சம் பர்சனல் லோன் ப்ரீ-அப்ரூவ்டா இருக்கு சார்."

"சந்தோஷம்மா. வட்டி?"

"பத்துதான் சார்."

"ஃப்ளாட்டா, ரெட்யூசிங்கா?"

மறுமுனையில் பேச்சில்லை. இவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். "பத்து பர்சென்ட் ஃப்ளாட், அஞ்சு வருஷம்னா, குறையற அசலுக்குக் கணக்குப் போட்டா பதினேழுக்கு மேல வரும். பேனா இருக்கா? எழுதிக்கோ." வழக்கமாக அழைப்பு இந்த இடத்தில் துண்டிக்கப்படும். ஒரு பெண் மட்டும் துண்டிக்கவில்லை. எழுதிக்கொண்டது. பிறகு மெல்லிய குரலில், "சார், நான் கிரெடிட் கார்டுல மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வர்றேன் சார், தப்பா?" என்று கேட்டது. இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வருடத்துக்கு நாற்பதைத் தாண்டும் என்பதில் தொடங்கி, எந்தக் கார்டை முதலில் முடிப்பது, எதை வெட்டிப் போடுவது என்பது வரை அரைமணி நேரம் நடந்தது. அந்தப் பெண் இப்போது முதல் வாரத்தில் கூப்பிட்டுப் பாக்கி எவ்வளவு என்று ஒப்பிக்கிறது. எட்டு லட்சத்தைப் பற்றி அப்புறம் பேச்சே இல்லை.

அடுக்களையிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர் மனைவி. கடன் தீர்ந்ததில் அவர் பங்கும் சின்னதல்ல. அவருடைய ஆரம் கழுத்தில் இருந்ததைவிட நகைக்கடனில் இருந்த காலம் அதிகம். மீட்டு வந்த பிறகும் அது லாக்கருக்குத்தான் போனது. மிக்ஸி ஜார் அடியில் ஒழுகுகிறது என்று அவர் சொன்ன அன்று எம்-சீல் வந்தது. கல்யாண நாளுக்கு ஒரு பட்டுப்புடவை என்று சொன்னபோது நாயனார், "கூடையில போட்டு வைப்போம், ஆறட்டும்" என்றார்.

அம்மையார் ஒன்றும் பேசவில்லை. சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைத் தாள் தாளாகப் புரட்டினார்.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு தி.நகர்ல இருக்கணும்ங்க."

இவரும் எட்டிப் பார்த்தார். "மூணுலேருந்து நாலரை குளிகை ஆச்சே."

"தெரியும். நாலரைக்குள்ள பில் போட்டுடணும்."