வானத்துக்கு என்ன ஆச்சு?

கேள்வி: ஒரு வருஷம் வெள்ளம், இன்னொரு வருஷம் வறட்சி. சென்னை வானத்துக்கு என்னதான் ஆச்சு?
– ஒரு வாசகி, வேளச்சேரி

பதில்: காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவிகிதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். சூடேற்றுவது நாம் எரிக்கும் நிலக்கரியும் பெட்ரோலும். சுமந்ததைக் காற்று மொத்தமாக இறக்கும்போது வாங்கிவைக்க இடம் வேண்டாமா? பள்ளிக்கரணைச் சதுப்பில் குப்பையைக் கொட்டினோம். ஏரியைத் தூர்த்து 'லேக் வியூ' அபார்ட்மென்ட் கட்டினோம். 2015 டிசம்பரில் தெருவுக்குப் படகு வந்தது. தேக்கிவைக்காததன் விலை வறட்சியில் தெரிந்தது: 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து குடிநீர் 50 வேகன்களில் ரயிலேறி வந்தது. 2022-ல் பள்ளிக்கரணைச் சதுப்புக்கு, சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அந்தஸ்து கிடைத்தது. பட்டம் சரி, பட்டா போட்ட இடத்தை யார் திருப்பித் தருவது? கரியைக் குறைப்பது உலகம் கூடிச் செய்ய வேண்டிய வேலை. வாய்க்காலைத் தூர்வார ஐ.நா. சபை கூட வேண்டியதில்லை. உங்கள் ஃபிளாட் முன்பு ஏரியா, தாங்கலா என்று மட்டும் கேட்க மாட்டேன், பயப்படாதீர்கள்!