வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்

தேனி நேரு சிலையில் தொடங்கிக் கம்பம், கூடலூர் வரைக்கும் சாலையோரத்தில் பிளெக்ஸ் பேனர் கட்டப்படாத பெருமக்கள் இனி யாரும் பாக்கி இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். காதுகுத்துக்குச் சீர் கொண்டுவந்த தாய்மாமன்மார், ஒன்றியத் துணைச் செயலாளர்கள், அவர்கள் தோளில் கைபோட்டு நிற்கும் தம்பிகள் என்று எல்லோருக்கும் இடம் கிடைத்துவிட்டது. விடுபட்டுப் போனவர் ஒருவர் உண்டு. 1983 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் ஐபிஎம் குடும்பத்தில் அவதரித்த பிசி எக்ஸ்டி அவர்கள். அவருடைய தைவான் வழி வாரிசு ஒருவர், மேலே உடுப்பு எதுவும் இல்லாமல் வெறும் மதர்போர்டாக, என் மேசைமேல் எழுந்தருளியிருக்கிறார். ஃபிளாப்பியிலிருந்து அவரைக் கண்விழிக்க வைக்கும் திருப்பணியில் ஈடுபட்டவன் என்ற தகுதியில் இந்தப் பாராட்டுரையை வாசிக்கிறேன்.

முதலில் அவருடைய நிதானம். மூளை இன்டெல் 8088. மூத்தவருக்கு வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். வாரிசுகளில் சிலர் டர்போ என்று ஒரு பட்டனை வைத்துக்கொண்டு எட்டு, பத்து என்று ஓடிப் பார்த்தார்கள். பழைய விளையாட்டுகள் அந்த ஓட்டத்தில் தலைதெறித்துப் போகவே, அதே பட்டனை அமுக்கி மறுபடி மெதுவாக நடந்தார்கள். வேகமாகப் போவதற்கு விலை கொடுத்து வாங்கியதை மெதுவாகப் போவதற்குப் பயன்படுத்தும் பக்குவம் எல்லோருக்கும் வாய்க்காது. நினைவகமோ மிஞ்சிப் போனால் 640 கேபி. இன்றைக்குக் கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தைக்கூட அவர் உள்ளே விடமாட்டார். சேர்த்து வைக்கும் ஆசை அறவே இல்லாதவர். ஆனாலும் சுவிட்சைப் போட்டதும் அந்த 640 கேபியையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சரிபார்த்த பிறகுதான் அடுத்த வேலை. இருக்கிற கொஞ்சத்தை இத்தனை கருத்தாக எண்ணுபவரை எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில்கூடப் பார்க்க முடியாது.

அவரை நான் கண்டெடுத்தது சின்னமனூர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக்கடையில். கருகிய மோட்டார் காயிலுக்கும் உடைந்த மருந்தடிக்கும் டேங்குக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தார். கடைக்காரர் தராசைக் காட்டி, “கிலோ கணக்குத்தாண்ணே. உள்ள தங்கம் இருக்குன்னு சொல்லிட்டுத் திரியிறாங்ங, அதெல்லாம் நம்பாதீங்க” என்றார். அப்படியொரு எடைக்கு எடை கௌரவம்.

ஒரு காலத்தில் அவருக்கு நடந்த மரியாதையே வேறு. 1984 நவம்பரில் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டது. அதன்பிறகு இவருடைய உறுப்புகள் தனித்தனிப் பெட்டிகளில் வந்து இறங்கி, இங்கே ஒன்றுசேர்க்கப்பட்டு, உள்ளூர்ப் பெயர்சூட்டு விழாவும் கண்டன. பெருநகர அலுவலகங்களில் சில காலம் கொலுவிருந்துவிட்டு, அங்கே மவுசு குறைந்த பிறகு எங்களைப் போன்ற ஊர்களுக்கு அருள்பாலிக்க வந்தார். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் பக்கத்திலேயே கம்ப்யூட்டர் சென்டர் முளைத்தது. அவருக்கு மட்டும் ஏசி அறை. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டும். வேர்ட்ஸ்டாரும் லோட்டஸும் டிபேஸும் படிக்க வந்த பிள்ளைகள் முக்கால்வாசி நேரம் நோட்டில்தான் கம்ப்யூட்டர் படித்தார்கள். மிச்ச நேரத்தில் ஒரு நாற்காலியை இரண்டு மூன்று பேர் பங்கிட்டுக்கொண்டு அவரைத் தொட்டுப் பார்த்தார்கள். ஃபீஸ் கட்டியவன் வியர்த்துக் கிடக்க, இயந்திரம் குளுகுளுவென்று இருந்ததை அநியாயம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எங்களுக்குப் பணிவைக் கற்றுக்கொடுத்தார். போடியில் ஏலக்காய்க் கணக்குப் பிள்ளைகள் சிவப்பு அட்டைப் பேரேட்டில் கூட்டிப் பெருக்கி, இருப்புக் கட்டி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டும் முடித்திருப்பார்கள். இவர் அப்போதுதான் பிரிண்டருக்கு ஒரு வரி அனுப்பியிருப்பார். கணக்குப் பிள்ளைகள் தங்களைத் தாழ்வாக எண்ணிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தைத் தவிர இதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும்?

அவருடைய அடக்கத்தைப் பேசாமல் இந்த உரை முழுமையாகாது. தன்னைப் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர் அவர். போர்டின் ஓரத்தில் எட்டு குட்டி சுவிட்சுகள் ஒரே வரிசையில் இருக்கும். உடம்பில் எவ்வளவு நினைவகம் பொருத்தியிருக்கிறது என்பதை மூன்றாவதும் நான்காவதும் சொல்ல வேண்டும். எதிரே இருப்பது என்ன வகைத் திரை என்பதை ஐந்தாவதும் ஆறாவதும். எத்தனை ஃபிளாப்பி டிரைவ் என்பதை ஏழாவதும் எட்டாவதும். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளையைப் போல அவராக எதையும் கேட்கமாட்டார். நாமாக அறிந்து செய்ய வேண்டும். செய்யாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பழைய ஒற்றை நிறத் திரை என்றால் ஐந்தும் ஆறும் இரண்டுமே ஆஃப். விஜிஏ கார்டு செருகினால் இரண்டுமே ஆன். மாற்றிப் போட்டால் கோபம் எதையும் காட்டமாட்டார். திரையில் எதையுமே காட்டமாட்டார். விஜிஏ கார்டிலும் எட்டு பிட் ஸ்லாட்டில் உட்காரச் சம்மதிக்கிற பழங்காலத்துக் கார்டாகப் பார்த்துத் தேட வேண்டும். இந்த சுவிட்சுகளையெல்லாம் தள்ளுவதற்குப் பேனா முனை போதும். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதற்குத்தான் கையேடு. கையேட்டை வைத்திருந்தவர்கள் அதை எப்போதோ பேப்பர்க்காரரிடம் போட்டுவிட்டார்கள்.

பேச்சிலும் சிக்கனம். ஐபிஎம் வீட்டில் நேரடியாகப் பிறந்தவர்கள் நோவு வந்தால் எண்ணில் முனகுவார்கள்: 201 என்றால் நினைவகம், 301 கீபோர்டு, 601 ஃபிளாப்பி. உடம்பு நலம் என்றால் சின்னதாக ஒரு பீப். வாரிசுகளிடம் அந்த ஒழுங்கைக்கூட எதிர்பார்க்க வேண்டாம். ஒருவர் நீட்டிக் கூவுவார், ஒருவர் விட்டு விட்டுக் கூவுவார், பெரும்பாலும் மௌனம்தான்.

தியாகத்துக்கு வருவோம். பவர் சப்ளையிலிருந்து இவருக்கு வரும் மின்சாரம் இரண்டு கொண்டிகளில் வருகிறது. இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். கறுப்புக் கம்பிகள் நடுவில் ஒன்றையொன்று பார்த்து நிற்கும்படி செருக வேண்டும். இடம் மாற்றிச் செருகினாலும் கொஞ்சம் அழுத்தினால் தாராளமாக இடம் கொடுப்பார். தவறு செய்தவனைத் தடுத்து அவமானப்படுத்த மாட்டார். அதற்குப் பதிலாகத் தானே கருகிப் போய்விடுவார். சரியாகச் செருகினாலும் கொண்டாட்டம் உண்டு. பல வருஷம் மின்சாரம் பார்க்காத டான்டலம் கப்பாசிட்டர்களில் ஒன்று, முதல் சுவிட்சைப் போட்டதும் டப்பென்று வெடித்துப் புகைவிடும். வீரபாண்டித் திருவிழாவுக்குத்தான் வெடி என்று நினைத்தவர்கள் வந்து பார்க்க வேண்டும்.

கீபோர்டு விஷயத்திலும் அதே விருந்தோம்பல். பின்னால் வந்த ஏடி கீபோர்டின் ஐந்து முள் பிளக் இவருடைய ஓட்டைக்குள் அளவெடுத்ததுபோல் போய் உட்காரும். உட்காரும், அவ்வளவுதான். இவருடைய பாஷை வேறு, அதனுடைய பாஷை வேறு. சில கீபோர்டுகளின் வயிற்றில் எக்ஸ், ஏ என்று ஒரு மாற்றுச் சுவிட்ச் இருக்கும். அது இல்லாத கீபோர்டை வாங்கியவருக்கு மேசைமேல் அழகான பலகை ஒன்று மிச்சம்.

இனி ஃபிளாப்பி. அவருடைய குணநலன்கள் எல்லாம் ஒருசேர ஒளிவீசும் இடம் அதுதான். ஐந்தேகால் அங்குல வட்டு, ஒரு பக்கத்துக்கு 40 தடம், தடத்துக்கு 9 பகுதி, பகுதிக்கு 512 பைட், இரண்டு பக்கமும் சேர்த்து 360 கேபி. கன்ட்ரோலர் கார்டிலிருந்து டிரைவுக்குப் போகும் பட்டைக் கேபிளில் 34 கம்பிகள். அதில் ஏழு கம்பிகளை மட்டும் வழியில் வெட்டி, ஒரு முறுக்கு முறுக்கித் திரும்பச் சேர்த்திருப்பார்கள். முறுக்குக்கு அப்பால் இருப்பது ஏ டிரைவ், இப்பால் இருப்பது பி. எது யார் என்று டிரைவில் சொல்லிவைக்க ஜம்பர் தனியாக இருக்கிறது. ஆனால் இரண்டு டிரைவிலும் அதை ஒரே இடத்தில் வைத்துவிட்டுக் கேபிளை முறுக்குவதுதான் இந்தக் குலத்தின் மரபு. கேபிளைத் தலைகீழாகச் செருகினால் டிரைவின் விளக்கு அணையா விளக்காக எரிந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் மிகவும் சுறுசுறுப்பாக வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

வட்டுக்கு எங்கே போவது? கம்பம் பள்ளத்தாக்கில் யார் வீட்டுப் பரணிலாவது ஒரு பெட்டி கிடக்கும். ஆனியிலிருந்து குமுளிப் பக்கம் மலையைத் தாண்டி வரும் சாரல் பன்னீர் திராட்சைக்கும் தென்னைக்கும் எவ்வளவு நல்லதோ, ஃபிளாப்பியில் வளரும் பூஞ்சைக்கும் அவ்வளவு நல்லது. பூஞ்சை பிடித்த ஒரு வட்டைப் போட்டால் டிரைவின் ஹெட் அதை வழித்து வைத்துக்கொண்டு, அடுத்து வரும் நல்ல வட்டுக்கும் பந்தி பரிமாறும். பேதம் பார்க்காத குணம். நாம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பஞ்சுமாக நின்றுகொண்டிருப்போம்.

நல்ல வட்டு கிடைத்தாலும் டாஸ் என்ற இயங்குதளத்தை அதில் எழுதியாக வேண்டும். இன்றைய லேப்டாப்பில் யூஎஸ்பி வழியாக மாட்டும் டிரைவ் மூன்றரை அங்குலத்தை மட்டும்தான் பார்க்கும். ஆகவே இவரை எழுப்ப இடையில் ஒரு பென்டியம் தரகர் வேண்டும். பழைய மதர்போர்டு ஒன்றை எழுப்புவதற்கு இன்னொரு பழைய மதர்போர்டை எழுப்ப வேண்டும் என்பது, தனியாக விருது வாங்க விரும்பாத அவருடைய பெருந்தன்மை. அந்தப் பென்டியத்தில் 1.2 எம்பி டிரைவ் இருந்தால் அது ஒல்லியான தடமாக எழுதும். இவருடைய 360 கேபி டிரைவின் ஹெட்டோ அகலம். புதிய எழுத்தையும் பக்கத்தில் அழியாமல் கிடக்கும் பழைய எழுத்தையும் சேர்த்தே வாசிக்கும். பழசை மறக்காத நெஞ்சம்! அதனால்தான் ஒரு தடவைகூட எழுதப்படாத வட்டோ, காந்தத்தால் முழுக்கத் துடைத்த வட்டோ தேட வேண்டியிருக்கிறது. பொறுமையில்லாத இளைஞர்கள் கோடெக் என்ற பெட்டியை மாட்டி, பென் டிரைவை ஃபிளாப்பியாக நடிக்க வைக்கிறார்கள். 16 ஜிபி பென் டிரைவ் அவர் முன்னால் 360 கேபியாகக் கைகட்டி நிற்கும் காட்சியில் அவருடைய செல்வாக்கு தெரிகிறது.

எல்லாம் கூடிவந்தால் அவர் வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் எடுத்து நினைவகத்தில் வைத்து, ஆட்சி முழுவதையும் அதன் கையில் ஒப்படைத்துவிடுவார். அதை யார் எழுதினார், எந்த ஊர் என்று விசாரிக்கும் வழக்கமே கிடையாது. 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் இந்த நம்பிக்கையைப் பார்த்து நெகிழ்ந்து, தங்கள் கடையின் பெயர், விலாசம், தொலைபேசி எண்ணோடு பிரெய்ன் என்ற வைரஸை அந்த முதல் பகுதிக்குள் குடிவைத்தார்கள். எல்லையில் ஆளுக்கு விசா கேட்ட காலத்தில் அது வட்டிலிருந்து வட்டுக்குத் தாவி உலகம் சுற்றியது. நம் நாட்டுப் பங்குக்கு ஜோஷி வந்தது. ஜனவரி 5 அன்று இயந்திரத்தை நிறுத்தி வைத்து, ஜோஷிக்குப் பிறந்தநாள் வாழ்த்தைத் தட்டச்சு செய்தால்தான் விடுவேன் என்றது. பேனர் கலாசாரம் எங்கள் ஊரில் தொடங்கியது என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

வட்டில் சிஸ்டம் கோப்புகள் இல்லையென்றால், இது சிஸ்டம் வட்டு இல்லை அல்லது வட்டில் கோளாறு, வேறு வட்டைப் போட்டு ஏதாவது ஒரு விசையை அமுக்கு என்று திரையில் ஒரு வரி வரும். அந்த வரியும் வட்டில் எழுதியிருப்பதுதான். குற்றத்தையும் வட்டே ஏற்றுக்கொள்ளும்படி செய்து, தன்மேல் சொல் விழாமல் பார்த்துக்கொண்ட ராஜதந்திரம். வட்டே போடாவிட்டால் மூத்த எக்ஸ்டி வயிற்றுக்குள் வைத்திருக்கும் கேசட் பேசிக்கைத் திறந்து காட்டுவார். புரோகிராம் எழுதலாம், சேமிக்கக் கேசட்தான் வேண்டும், கேசட் மாட்டும் ஓட்டையை எக்ஸ்டியில் எடுத்துவிட்டார்கள். எழுதிய அனைத்தையும் கரண்ட் போனதும் துறந்துவிடும் அந்த வைராக்கியம் வாரிசுகளுக்கு வராது. பெரும்பாலோரிடம் பேசிக்கே இல்லை.

என் மேசைமேல் இருப்பவர் கடைசியில் மனம் இரங்கினார். எண்ணி முடித்தார், ஒரு பீப், டிரைவ் கரகரவென்று இழுத்தது, டாஸ் வந்தது. வந்ததும் இன்று 1980 ஜனவரி 1 என்று அறிவித்தார். தன் குலத்தவரே பிறப்பதற்கு மூன்று வருஷம் முந்திய தேதி. பேட்டரி போட்ட கடிகாரம் இவர் உடம்பில் கிடையாது. ஒவ்வொரு முறையும் தேதியையும் நேரத்தையும் நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னதை அணைக்கும் வரை உண்மையாக நம்புவார். தங்கச்சி மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். நான் தேதியைப் போட்டேன், நேரத்தைப் போட்டேன். ஏ என்ற எழுத்தும் அதற்கு அடுத்து ஒரு அம்புக்குறியும் வந்து நின்றன.

“மாமா, இதுல என்ன பண்ணலாம்?”

“இப்பத்தான பாத்த? தேதி போடலாம்.”