தெரிஞ்ச குறை

ரத்தோட்டைப் பக்கம் எவனாவது பழைய வாகனம் வாங்கப் போகிறான் என்ற செய்தி லேசாகக் கசிந்தால் போதும், மறுநாள் காலை மாமா பஸ் தரிப்பில் நிற்பார். கூப்பிட வேண்டியதில்லை. அவரை விட்டுவிட்டுப் போனால்தான் வில்லங்கம். வாங்கி வந்த வண்டிக்கு அன்று மாலையே 'பட்டி வண்டி' என்று பெயர் வைத்துவிடுவார். அதை விற்றுத் தொலைக்கும்வரை ஊருக்கு அந்தப் பெயர்தான் நம்பர் பிளேட்.

யாருக்கு மாமா என்று கேட்காதீர்கள். வாகனம் வாங்குகிற எல்லோருக்கும் மாமா. மாத்தளை மாவட்டம் முழுக்க இந்த இனம் பரவிக் கிடக்கிறது. உக்குவளையில் ஒருவர், அவரை நானா என்பார்கள். கலேவெலவில் ஒருவர், அவர் பாஸ். எங்களுக்கு வாய்த்தவர் மாமா.

மாமாவிடம் வாகனம் கிடையாது. லைசன்ஸும் கிடையாது. எல்கடுவப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து லொறிக்குப் பதினேழு வருடம் கிளீனராக இருந்தவர். ஏற்றத்தில் லொறி நின்றால் குதித்திறங்கிப் பின் டயருக்குக் கட்டை போடுகிற வேலை. "டிரைவருக்கு ரோட்டுதான் தம்பி தெரியும். வண்டிய தெரிஞ்சவன் கிளீனரு" என்பார். பஸ்ஸில் ஏறினால் டிரைவருக்குப் பின் சீட்டில்தான் உட்காருவார். அது கிடைக்காவிட்டால் அடுத்த பஸ். கியர் மாற்றும் ஒவ்வொரு முறையும் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் செத்த வீட்டில் பேசுகிற குரலில் சொல்லுவார்: "மூணாவது போச்சு. பாவம்."

சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய காந்தம் ஒன்று எப்போதும் இருக்கும். பழைய ரேடியோ ஸ்பீக்கரில் கழற்றியது. பொடியில் பட்டி பூசி மறைத்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். நெஞ்சில் கைகட்டி நிற்பது அவர் வழக்கம். அப்படி நின்று நின்று மணிக்கூட்டைக் காந்தம் தின்றுவிட்டது. பத்தேகாலோடு நின்றுபோன அந்த மணிக்கூட்டைத்தான் இன்றுவரை கட்டியிருக்கிறார்.

எனக்குப் பிக்கப் தேவைப்பட்டது மிளகாலும் மரக்கறியாலும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு வாரம் மூன்று தடவை போகிறவன் நான். அங்கே 1999இலிருந்து லொறிகள் முண்டியடிக்கும் வாசலில், வாடகை வண்டிக்குக் காசு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிய நாட்கள் உண்டு. "புதுசா வாங்குவதுதானே" என்று கேட்ட மச்சான் கட்டாரில் இருக்கிறான், அவனை மன்னிக்கலாம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் வரி உட்கார்ந்திருந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் நாட்டில் இருந்த தகர டப்பாக்கள் எல்லாம் காணி விலைக்கு ஏறிவிட்டன. துப்பாக்கி, நாய், வண்டி, கடை என்று வரி போட்டதற்கு 1848இல் கிளர்ந்தெழுந்த ஊர் இந்த மாத்தளை. இன்று அதே ஊர்க்காரன் அமைதியாக லீசிங் படிவம் நிரப்புகிறான்.

ஆக, பழைய ஹைலக்ஸ்தான் என்று முடிவானது. அதிலும் எல்.என். 106. மாமா இந்தப் பெயரைச் சொல்லும்போது குரலில் கோவில் மணி கேட்கும். 'த்ரீ எல்' டீசல் எஞ்சின், 2,779 சி.சி., முன்னாலும் ஸ்பிரிங் பட்டை, கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. ஒரு ஸ்பேனர், ஒரு கட்டுக்கம்பி, நாலு கெட்ட வார்த்தை இருந்தால் றிவஸ்டன் காட்டுக்குள்ளும் ஓட வைக்கலாம் என்பது அவர் கணக்கு.

நாவுலவில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. போனோம்.

முற்றத்தில் நின்றதைப் பார்த்ததும் எனக்குப் பஞ்சரத பவனி ஞாபகம் வந்தது. மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோவிலில் ஐந்து தேர் ஓடும். இவர் ஆறாவது தேரைத் தயார் செய்து வைத்திருந்தார். சொக்கையும் ஸ்பிரிங்கையும் உயர்த்தி, மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரி டயர் போட்டு, முன்னால் புல் பார் அடித்து, அதில் ஐந்து லைட், கூரையில் நாலு லைட். வலது பக்கம் யானைத் தும்பிக்கை போல ஒரு ஸ்னோர்கல் மேலே ஏறியிருந்தது. ஆறு குளத்துக்குள் கழுத்தளவு இறங்கினாலும் எஞ்சின் மூச்சு விடுவதற்கான குழாய் அது. நாவுலவில் கழுத்தளவு தண்ணீர் வேண்டுமானால் மொறகஹகந்தவுக்குள்தான் விடவேண்டும்.

விற்பவர் முப்பது வயதுக்குள் ஒரு சிங்களப் பொடியன். சிரித்த முகம். மாமா வண்டியைப் பார்க்கவே இல்லை. நேரே போய் பொனட்டில் உள்ளங்கையை வைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

"காலையில எங்க போயிட்டு வந்தீங்க?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"எங்கயும் போகலையே அய்யே."

"அப்ப டொக்டர்கிட்ட காட்டுங்க. நல்லா சுடுது."

சூடான எஞ்சின் யாருக்கும் ஸ்டார்ட் ஆகும். குளிரில் எழுந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆறும்வரை இருந்துதான் பார்ப்போம் என்று மாமா வாசற்படியில் அமர்ந்துவிட்டார். பொடியன் வீட்டில் நல்ல மனிதர்கள். தேத்தண்ணீர் வந்தது, கித்துல் கருப்பட்டி வந்தது, பிறகு பகல் சோறும் வந்தது. மாமாவின் பரிசோதனைகள் ஏன் எப்போதும் பத்து மணிக்குமேல் தொடங்குகின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

சாப்பிட்டுக் கை கழுவியதும் காந்தம் வெளியே வந்தது. கதவில் 'டக்' என்று ஒட்டியது. பின் மட்கார்டில் வைத்தார், வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொரு தடவை வைத்தார், மறுபடியும் விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டே என்னிடம் தமிழில் சொன்னார்: "இந்த எடத்துல இரும்பு இல்ல தம்பி. நம்பிக்கைதான் இருக்கு."

அடுத்தது ஸ்னோர்கல். எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். இரண்டு இருமல், கொஞ்சம் வெள்ளைப் புகை, பிறகு சுத்தமாக ஓடியது. மாமா புல் பாரில் கால் வைத்து ஏறி, அந்தத் தும்பிக்கையின் வாயைக் கையால் இறுகப் பொத்தினார். மூச்சுக் குழாய் என்றால் பொத்தினதும் எஞ்சின் திணற வேண்டும். அது திணறவில்லை. நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். பொடியனின் அம்மாவும் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தார். ஒரு நிமிடம் ஆயிற்று. எஞ்சின் சந்தோஷமாக உறுமிக்கொண்டே இருந்தது. உள்ளே எந்தக் குழாயோடும் சேர்க்காமல், மட்கார்டில் நாலு ஆணி அடித்து நிறுத்திய அலங்காரம் அது.

"மூக்கில்லாமலே மூச்சு விடுது. நல்ல எஞ்சின்" என்றார் மாமா. கிண்டலா பாராட்டா என்று பொடியனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எண்ணெய் மூடியைக் கழற்றி அதே இடத்தில் கவிழ்த்து வைத்தார். உள்ளே பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் காற்று மேலே அடித்து மூடி குதித்தாடும். மூடி லேசாக நடுங்கியது, குதிக்கவில்லை. இதற்கு மட்டும் மாமா வாய் திறக்கவில்லை. அவர் பேசாமல் இருந்தால் அந்த உறுப்பு பாஸ் என்று அர்த்தம்.

மீட்டரில் 98,412 கிலோமீட்டர். "இது ஒரு பக்கத்து மைலேஜ். திரும்பி வந்தத சேர்க்கல" என்றார். பிரேக் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு பல்லிளித்தது, ஸ்டியரிங் வளையம் வழுக்கைத் தலை போலப் பளபளத்தது. தொண்ணூறாயிரத்தில் அப்படித் தேயாதாம். அதோடு விடவில்லை. பெரிய டயர் போட்டால் சக்கரம் ஒரு சுற்றில் கூடுதல் தூரம் ஓடும், மீட்டருக்கு அது தெரியாது. டயர் பத்துக்கு ஒன்று பெருத்திருந்தால் மீட்டர் பத்து கிலோமீட்டர் காட்டும்போது வண்டி பதினொன்று ஓடியிருக்கும். "மீட்டரத் திருப்பினது ஒரு பொய். டயர் சொல்றது ரெண்டாவது பொய்." ஆறாம் வகுப்போடு நின்றவர் மாமா. விகிதக் கணக்கை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது டயர் என்று நினைக்கிறேன்.

அவருடைய உண்மையான வித்தை உள்ளேதான். பொடியன் "நான் ரெண்டாவது ஓனர்" என்று சொல்லியிருந்தான். மாமா முன் சீட்டில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு, தொல்லியல் திணைக்கள அதிகாரி மாதிரி பார்க்கத் தொடங்கினார். கண்ணாடித் தண்டில் வெளுத்த பிரித் நூல். அதற்குக் கீழே அதைவிட வெளுத்த இன்னொரு நூல். டாஷ்போர்டில் ஸ்டிக்கர் உரித்த தடம். வெயில் படாமல் போன அந்த இடத்தில் 786 என்ற இலக்கம் தெளிவாகத் தெரிந்தது. வெயில் மறைப்பானின் பின்னால் ஒரு முருகன், வேல் மட்டும் கிழிந்துபோய். கிளவ் பொக்ஸில் பிளாஸ்டிக் உறை போட்ட கியூஆர் கோடு, 2022இல் டீசல் வாங்க அடித்தது. லீட்டர் 460 ரூபாய்க்குப் போன காலத்தின் நினைவுச் சின்னம். பின் பெட்டியில் விரலால் தடவி முகர்ந்தார். "வெங்காயம் ஏத்தியிருக்கான். அதுக்கு முந்தி சீமெந்து. அதுக்கும் முந்தி ஆடு."

இறங்கி வந்து விரல் மடக்கினார். "சிங்கள ஆள் ரெண்டு. ஒரு நானா. நம்மாளு ஒருத்தன், அவன் கையிலதான் வண்டி கஷ்டப்பட்டிருக்கு. நீங்க அஞ்சாவது மல்லி." பொடியன் மறுக்கவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். தேர்தல் காலத்தில் மேடையில் தேடுகிற இன ஒற்றுமை ஒரு பிக்கப்பின் டாஷ்போர்டில் அடுக்கடுக்காகக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மாமாவுக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. அவர் புத்தகத்தைக் கேட்டார்.

பதிவுப் புத்தகத்தில் பொடியனின் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். இங்கே வாகனங்கள் ஓப்பன் பேப்பரில் கைமாறும். ஒருவர் கையெழுத்து வைத்த வெற்றுப் படிவம் நாலு பேரிடம் சுற்றும். மாமா பெயரைப் படித்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "இந்த ஆள் உசிரோட இருக்காரா?" இருந்தார். கலேவெலவில்.

விலைப் பேச்சு தொடங்கியது. 62 இலட்சம் என்றான் பொடியன். மட்கார்ட், தும்பிக்கை, மீட்டர், ஆடு எல்லாவற்றையும் மாமா ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். "அடு கரன்ன பே", குறைக்க முடியாது என்ற பல்லவி நாலு தடவை வந்தது, நாலு தடவையும் குறைந்தது. 57இல் வந்து நின்றதும் மாமாவும் பொடியனும் சிகரெட் பிடிக்க வீட்டுக்குப் பின்னால் போனார்கள். பத்து நிமிடம். மாமாவுக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது. இதைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை.

திரும்பி வந்து என் தோளில் கை வைத்தார். "எடுங்க தம்பி. குறை இருக்கு. ஆனா தெரிஞ்ச குறை." அவர் வாயில் இதைவிடப் பெரிய பாராட்டை எந்த வண்டியும் வாங்கியதில்லை.

கலேவெலக்காரரின் கையெழுத்து, வங்கி, காசு எல்லாம் நாலு நாளில் முடிந்து வண்டி என் கைக்கு வந்தது. புறப்படும்போது மாமா முன்னால் வந்து நின்று லைட்டுகளை எண்ணினார். ஒன்பது. 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று தொடங்கியதிலிருந்து பொலிஸார் அலங்கார லைட், ஹோர்ன் என்று வாகனங்களைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாத்தளை டவுனுக்குள் இப்படிப் போனால் நம்மைத் தேரோடு நிறுத்திவிடுவார்கள் என்றார். கழற்ற ஸ்பேனர் இல்லை. பொடியன் வீட்டில் இரண்டு யூரியா சாக்கு வாங்கி, கூரை லைட்டுக்கு ஒன்று, புல் பாரின் ஐந்துக்கும் சேர்த்து ஒன்று என்று கயிறு போட்டு இறுக்கிக் கட்டினார். கிளீனர் கட்டு. புயலுக்கும் அவிழாது.

நாலந்தா தாண்டியது. நான் ஓட்ட, மாமா பக்கத்தில் கண்ணை மூடி எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தார். கவுடுபெலெல்ல தாண்டி ஏற்றத்தில் சூட்டு முள் மெல்ல எழுந்தது. பலாபத்வலவில் சிவப்பைத் தொட்டது. ஓரம் கட்டினேன். பொனட்டிலிருந்து ஆவி.

நிறுத்திய இடம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தின் வாசல். வெள்ளைச் சட்டை போட்ட வழிகாட்டி ஒருவர் சுற்றுலாப் பயணிகள் என்று நினைத்து மூலிகைத் தேநீர்த் தட்டோடு ஓடி வந்தார். எங்களைக் கண்டதும் தட்டைப் பார்த்து ஒரு கணம் யோசித்துவிட்டு, பிறகு மனம் இரங்கி, தண்ணீர் வாளி கொண்டுவரப் போனார்.

நான் இறங்கி வண்டியின் முன்னால் வந்தேன். மாமா ஏற்கனவே அங்கே நின்றிருந்தார். ரேடியேட்டருக்கு நேர் முன்னால், ஒரு சொட்டுக் காற்றும் புகாதபடி, கிளீனர் கட்டு கட்டிய யூரியா சாக்கு. அவர் அதைப் பார்த்தார். நான் அதைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்து, சாக்கை உதறி, நாலாக மடித்து, கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு ரோட்டோரம் போய், என்னோடு வந்தவர் இல்லை என்பது போல, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஆளாக நின்றார்.

தம்புள்ளையிலிருந்து வந்த மாத்தளை பஸ் நின்றது. டிரைவருக்குப் பின் சீட்டு காலியாக இருந்தது. பஸ் நகரும்போது ஜன்னலால் தலையை நீட்டிக் கத்தினார்:

"தம்பி, ரேடியேட்டர் மூடிய இப்ப திறந்துறாதீங்க! ஆறட்டும்!"

மணி என்ன என்று பார்க்கக் கையைத் தூக்கினார், பத்தேகால். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, டிரைவர் கியர் மாற்றுவதைக் கேட்கச் சாய்ந்தார். சாக்கு இன்னும் கக்கத்தில்தான் இருந்தது.