புள்ளி நிரம்பாத எழுத்து

கேள்வி: ஆஃப்செட் வருமுன் சிவகாசி அச்சகங்கள் கோத்தது ஈய எழுத்து. வார்க்கும்போது அது மழுங்கியோ பொக்கையாகவோ வந்தால் காரணம் என்ன?
— வாசகர், சாத்தூர்

பதில்: பெரும்பாலும் சூடுதான். அச்சு குளிர்ந்திருந்தால் ஈயம் மூலையை எட்டுமுன் உறைந்து முகம் மழுங்கும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் உள்ளே பொக்கை விழும். மிதக்கும் கசடை வழிக்காவிட்டால் குழி விழும்.

327 டிகிரி செல்சியஸில் உருகும் ஈயம் தனியே மிருதுவானது. ஆன்டிமனி சேர்ந்தால் கடினம் கூடும், சுருக்கம் குறையும். வெள்ளீயம் சேர்ந்தால் நன்றாக ஓடும். தமிழுக்கு இது உயிர்ப் பிரச்சினை: புள்ளி நிரம்பாவிட்டால் மெய் உயிர்மெய்யாகிவிடும்!

பிழையான எழுத்தை மறுபடி உருக்கலாம். உடம்பில் சேர்ந்த ஈயத்தை உருக்கி எடுக்க முடியாது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் ஈயம் காய்ச்சவே கூடாது.