கழுதை இல்லாத மன்னார்

மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறந்து காட்ட மாட்டார்கள். ஆயிரம் ஆயிரமாக எண்ணி ஏலத்தில் விடுவார்கள். வாங்கியவர் அதை அழுகவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே துழாவ வேண்டும். 1906இல் மறிச்சுக்கட்டியில் அந்த நாற்றத்தை மேற்பார்க்க வந்த ஆங்கிலேய அதிகாரி லெனாட் வூல்ஃப், 1917இல் மனைவி வேர்ஜினியாவோடு பதிப்பகம் தொடங்கினார். நல்ல பயிற்சி.

இணையத்தில் புத்தகம் வாங்குவதும் இன்று அந்த ஏலம்தான். கனடாவிலிருந்து வரவிருந்த மருமகன், மன்னாரைப் பற்றி ஒரு மின்நூலை எங்கோ வாங்கிப் படித்துவிட்டுப் போனில் கேட்டான்: "மாமா, யன்னலைத் திறந்தா மலை தெரியுமோ?"

எங்கள் மன்னார்த் தீவில் நிமிர்ந்து நிற்பவை பனையும் காற்றாலையும்தான். நூலை அனுப்பச் சொன்னேன். பனிமூட்டம், தேயிலை, அருவி எல்லாம் இருந்தன. ஒரு கழுதை இல்லை. நடுத்தெருவில் பஸ்ஸை மறித்து நிற்கும் எங்கள் கழுதைகளைக் காணாமல் மன்னாருக்குள் நுழைந்த ஒரே மனிதர் அந்த ஆசிரியர்தான். மனிதர்தானா, செயற்கை நுண்ணறிவு இயந்திரமா என்பதும் சந்தேகம். அதே மாதத்தில் நீரிழிவுச் சமையல், நாய் வளர்ப்பு, பங்குச்சந்தை என்றும் எழுதித் தள்ளியிருந்தார்.

2023 ஓகஸ்ட்டில் ஜேன் ஃபிரீட்மன் என்ற அமெரிக்க எழுத்தாளர், தான் எழுதாத, இயந்திரம் எழுதியதாகத் தோன்றிய நூல்கள் தன் பெயரில் அமேசானில் விற்பனைக்கு இருப்பதைக் கண்டார். எழுதாமலே எழுத்தாளராகும் ஆசை எங்கள் ஊரிலும் சிலருக்கு உண்டு. ஆனால் வெளியீட்டு விழாவாவது வைப்பார்கள். அடுத்த மாதம் அமேசான், ஒருவர் ஒரு நாளில் மூன்று நூல்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்று கட்டுப்பாடு போட்டது. ஒரு நாளில் மூன்று! 'பொன்னியின் செல்வ'னை முடிக்கக் கல்கிக்கு மூன்றரை ஆண்டு பிடித்தது.

புத்தகம் வாங்கும்போது ஐந்து நட்சத்திர மதிப்புரையை நான் நம்புவதில்லை. மூன்று நட்சத்திரம் போட்டு ஆசிரியரோடு சண்டை பிடிக்கிறவர் கட்டாயம் புத்தகத்தைப் படித்திருப்பார். பதிப்பகத்துக்கு ஒரு விலாசம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அதைவிட, 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்துக்குள் போய்விடலாம். ஈழத்து நூல்களையும் பழைய இதழ்களையும் ஸ்கேன் செய்து இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். பக்கங்களில் கறையான் அரித்த ஓட்டையும் தெரியும்; அந்த வித்தையை இயந்திரம் இன்னும் பழகவில்லை.

வந்திறங்கிய மருமகனிடம் மன்னார் எழுத்தாளர் எஸ். ஏ. உதயனின் 'லோமியா' நாவலைக் கொடுத்தேன். இரவிரவாகப் படித்துவிட்டு, ஏதோ ஒரு கடற்கரைச் சொல்லுக்கு விளக்கம் கேட்டு விடியக்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டுகிறான்.